சாதாரண நீர்

'ஆய்வகச் சோதனைகளுக்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்த வேண்டும். அது கிடைக்காதபோது சாதாரண நீரைப் பயன்படுத்தலாம்.'

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆய்வகச் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் விதி இது.

கல்வி அலுவலகத்தில் என்னிடம் வேலை பழகியவர்களுக்கெல்லாம் ஒன்று சொல்வேன். எந்த விதியையும் இரண்டாவது வாக்கியத்திலிருந்து படியுங்கள். முதல் வாக்கியம் அரசாங்கம் ஆசைப்படுவது. இரண்டாவது வாக்கியம்தான் நடக்கப்போவது.

கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று வந்தவன் நான். 'ஆவன செய்யவும்' என்று எழுதினால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று பொருள், 'உடன் ஆவன செய்யவும்' என்றால் நினைவூட்டுக் கடிதம் வரும்வரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று பொருள்... இப்படி எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தெரியும் என்ற கர்வம் எனக்கு இருந்தது. 'சாதாரண' என்ற சொல்லுக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

சொல்கிறேன்.

என் மருமகள் சங்கீதா அந்தப் பள்ளியில்தான் தாவரவியல் ஆசிரியை. ஆம்பூருக்குச் சற்று வெளியே, பெண்கள் படிக்கிற மேல்நிலைப் பள்ளி. சாயங்காலம் வந்து கைப்பையை வைத்ததும் அன்று வகுப்பில் நடந்ததை என்னிடம் சொல்வாள். என் மகனிடம் சொன்னால் 'ம்' கொட்டுவான். நான் குறுக்குக் கேள்வி கேட்பேன். அலுவலகப் பழக்கம், சுலபத்தில் போகாது.

ஒருநாள் வந்தாள். "மாமா, இன்னிக்கு டிஃப்யூஷன் நடத்துனேன். மானம் போச்சு."

விரவல் பாடம். செறிவு அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாகவே பரவும். இதை விளங்க வைக்க, வகுப்பின் ஒரு மூலையில் செண்ட் பாட்டிலைத் திறந்து வைத்து, வாசனை வந்து சேர்ந்ததும் கையைத் தூக்கச் சொல்வது வழக்கம். முன் பெஞ்சில் முதலில் கை உயரும், பிறகு நடு பெஞ்சு, கடைசி பெஞ்சு. அழகான காட்சி.

"தொறந்து வச்சேன். ஒருத்தியும் கை தூக்கல. கடைசி பெஞ்சுல ஒருத்தி தூக்குனா. இன்னா வாசனைடின்னா, பிரியாணி மிஸ்ங்கிறா. பக்கத்துல இருக்கறவ, அய்ய, அது காவா நாத்தம் மிஸ்ங்கிறா."

"அதுவும் டிஃப்யூஷன்தானேம்மா?"

"அதச் சொல்லித்தான் மாமா பெல் அடிக்கிற வரைக்கும் சமாளிச்சேன்."

செண்ட் தோற்றதில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த பாடம் சவ்வூடு பரவல். செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. அது தண்ணீரை விடும், உப்பை விடாது. எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். இந்தத் தடவை புத்தகத்தில் இருக்கும் உதாரணத்தை விட்டுவிட்டு ஊரில் இருப்பதை எடுத்துக்கொண்டாள்.

"டேனரிக்கு லாரில பச்சைத் தோல் வருதே, அது மேல எதுக்கு உப்பு கொட்டி வச்சிருக்காங்க?"

வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் யாராவது தோல் பதனிடும் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ இருப்பார்கள். பதில் தயாராக வந்தது.

"நாறாம இருக்க மிஸ்."

"உப்பு போட்டா ஏன் நாறாது?"

"உப்பு தண்ணிய உறிஞ்சிடும் மிஸ்."

"உப்புக்கு வாய் இருக்கா உறிஞ்ச? உப்பு சும்மாதான் இருக்கு. உள்ள இருக்கற தண்ணிதான் தானா கெளம்பி வெளிய வருது. தோல்ல மட்டும் இல்ல, தோலத் தின்ன வர்ற கிருமியோட செல்லுலருந்தும் வெளிய வந்துடுது. கிருமி காஞ்சு சாவுது. புரியுதா?"

புரிந்தது. அன்று சங்கீதாவின் முகத்தில் நான் பார்த்த சந்தோஷத்தை இன்க்ரிமெண்ட் வந்த மாதத்தில்கூடப் பார்த்ததில்லை.

அப்போதுதான் எஸ்தர் என்ற பெண் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள். "மிஸ், தோலுக்குப் போட்ட உப்ப அப்புறம் கழுவுவாங்கல்ல... அந்த உப்பு எங்க போகுது?"

கேள்வி கேட்பதற்கென்றே வகுப்புக்கு ஒருத்தி இருப்பாள். இந்த வகுப்புக்கு இவள். அம்மா சகாயம் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். இந்த வருஷம் பள்ளி முடித்ததும் நர்சிங் சேர வேண்டும் என்பது எஸ்தரின் திட்டம். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் வேலூர் பக்கத்தில் பிறந்த பெண்ணுக்கு வெள்ளை யூனிஃபார்ம் ஆசை வருவதில் அதிசயம் இல்லை. ஆனால் அரசு ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால்தான் படிப்பு. இல்லாவிட்டால் இல்லை. அதற்கு ஒவ்வொரு மார்க்கும் வேண்டும், செய்முறை மார்க் உட்பட. இதை எஸ்தர் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

உப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கு சங்கீதா வாயால் பதில் சொல்லவில்லை. மறுநாள் மூன்று கண்ணாடி டம்ளர் எடுத்துப் போனாள். ஒன்றில் கேன் தண்ணீர். ஒன்றில் கல்லுப்பு கரைத்த தண்ணீர். மூன்றாவதில் பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீர், அதாவது போர் போட்டு எடுக்கும் நிலத்தடித் தண்ணீர். மூன்றிலும் உருளைக்கிழங்கை விரல்விரலாக நறுக்கிப் போட்டாள்.

கேன் தண்ணீரில் கிடந்த துண்டு, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு விறைப்பாக நின்றது. உப்புக் கரைசலில் கிடந்தது வாழைப்பழத் தோல் மாதிரித் தொய்ந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் கிடந்தது?

அதுவும் விறைக்கவில்லை. கொஞ்சம் தொய்ந்துதான் இருந்தது.

"உப்பு எங்க போச்சுன்னு கேட்டியேம்மா..." என்றாளாம். வகுப்பு சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பு தானாக நின்றும்போனது.

இந்த ஊரில் நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். அதன் மேல் ஆர்.ஓ. என்று ஒட்டியிருக்கும். உப்பு அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத் தண்ணீரைப் பம்பு வைத்துப் பிடித்துத் தள்ளுவது. அதாவது, சவ்வூடு பரவலைத் தலைகீழாக நடத்துவது. தானாக நடக்க வேண்டியதை எல்லாம் மோட்டார் போட்டு நடத்திக்கொண்டிருக்கிறோம். தண்ணீரில் மட்டுமா?

"நீங்க என்ன பாக்கறீங்களோ அத எழுதுங்க. புக்குல இருக்கறத எழுதாதீங்க" என்று சங்கீதா வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதேம்மா. யாராவது நம்பிடப் போறாங்க."

சிரித்தாள். நானும் நகைச்சுவையாகத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது நம்பினார்களா? ஒருத்தி நம்பினாள்.

செய்முறைத் தேர்வு வந்தது. பாடம் நடத்திய ஆசிரியர் வேறு பள்ளிக்குத் தேர்வாளராகப் போவதும், வேறு பள்ளி ஆசிரியர் இங்கே வருவதும் நடைமுறை. சங்கீதாவை வாலாஜாபேட்டைக்குப் போட்டார்கள். இங்கே ஏலகிரி மலையிலிருந்து ஒரு ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அதுதான் இதில் உள்ள பேஜாரே.

சங்கீதா புறப்படும் முன், சோதனைக்கென்று ஒரு கேன் தண்ணீர் வாங்கி, ஆய்வக உதவியாளர் முனிரத்தினத்திடம் கொடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். காய்ச்சி வடித்த நீருக்குப் பள்ளி திறந்ததுமே எழுதிக் கேட்டாகிவிட்டது. வரவில்லை. வரும் என்று கேட்டவர்களும் நினைக்கவில்லை.

தேர்வு அன்று எஸ்தருக்கு வந்த கேள்விச் சீட்டு இது: 'உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சாதாரண நீரிலும் உப்புக் கரைசலிலும் இட்டு, காண்பதைப் பதிவு செய்து, காரணம் கூறுக.'

முனிரத்தினம் சீட்டைப் படித்தார். சாதாரண நீர் என்று போட்டிருக்கிறது. குழாயைத் திறந்து பிடித்து வைத்தார். கேன் தண்ணீரை மலையிலிருந்து வந்த சார் குடிப்பதற்காக, சில்வர் டம்ளர் கவிழ்த்து, மேஜை மேல் வைத்தார்.

பிறகு சங்கீதா அவரிடம் கேட்டாள். "ஏங்க, கேன் தண்ணி அதுக்குத்தான வாங்கி வச்சேன்?"

"மிஸ், சாதாரண நீர்னு அச்சடிச்சு குடுத்துருக்காங்க. கேன் தண்ணி சாதாரண தண்ணியா? காசு குடுத்து வாங்கறது மிஸ் அது. நாளைக்கு யாராச்சும் வந்து, ஏன்யா சீட்டுல ஒண்ணு இருக்கு நீ ஒண்ணு குடுத்தன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன். முனிரத்தினம் செய்தது விதிப்படி சரி. புத்தகம் எழுதியவருக்குச் சாதாரண நீர் என்றால் உப்பில்லாத நீர். அவர் வீட்டுக் குழாயில் அதுதான் வந்திருக்கும். எங்கள் குழாயில் வருவது வேறு. எங்களுக்கு அதுதான் சாதாரணம்.

அன்று அந்த ஆய்வகத்தில் அதே சீட்டு இன்னும் சிலருக்கும் வந்தது. அவர்களும் அதே குழாய்த் தண்ணீரில்தான் கிழங்கைப் போட்டார்கள். கிழங்கு எல்லோருக்கும் தொய்ந்துதான் போயிருக்கும். ஆனால் எல்லோரும் 'சாதாரண நீரில் இட்ட துண்டு விறைப்படைந்தது' என்று எழுதி, கொடுத்த நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டார்கள். கிழங்கைத் திரும்பிப் பார்த்தால்தானே தொந்தரவு?

எஸ்தர் பார்த்தாள். எழுதினாள்: 'சாதாரண நீரில் இட்ட துண்டு விறைக்கவில்லை. சற்றுத் தொய்ந்தது. எனவே இந்த நீரின் செறிவு, செல்லின் உள்ளே உள்ள செறிவைவிட அதிகம்.'

இந்த மூன்று வாக்கியத்தில் ஒரு தப்பு காட்டுங்கள், பார்ப்போம்.

மலை சார் படித்துவிட்டு அவளை மேஜைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இது முனிரத்தினம் பக்கத்தில் நின்று கேட்டது.

"சாதாரணத் தண்ணில போட்டா கெழங்கு வெறைக்கணும்மா. இது பேசிக். ரெண்டு டம்ளரையும் மாத்தி வச்சுட்டியா?"

"இல்ல சார். இது உப்பு. இது சாதாரணத் தண்ணி."

"அப்ப எப்படிம்மா தொய்யும்?"

"இது எங்க ஊரு சாதாரணத் தண்ணி சார்."

அவர் சிரித்துவிட்டாராம். கோபப்படவில்லை. "சரி, பரவால்ல. அத அடிச்சுட்டு மாத்தி எழுதிடு. டைம் இருக்கு."

எஸ்தர் பேனாவைத் திறந்தாள். மூடினாள். "பாத்தத எழுதச் சொல்லிருக்காங்க சார்."

அவர் இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு தேர்வாளர் என்ன செய்வார்? 'தவறு' என்று ஓரத்தில் எழுதி, மூன்று மார்க்கைக் குறைத்தார். பிறகு, தாகமாக இருந்திருக்கும், சில்வர் டம்ளரை நிமிர்த்தி கேன் தண்ணீர் குடித்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் எஸ்தரும் அவள் அம்மா சகாயமும் நின்றார்கள். சகாயம் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தார். விரல்களில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"அந்த சாரே மாத்தி எழுதுன்னு சொன்னாராம் மிஸ். எழுதிட்டு வர வேண்டியதுதான? இவளுக்கு இன்னாத்துக்கு இந்த வேல? கெழங்கு வெறைச்சா இன்னா, தொய்ஞ்சா இன்னா? குழம்புல போட்டா எல்லாம் ஒண்ணுதான?"

எஸ்தர் அம்மாவைப் பார்க்கவில்லை. சங்கீதாவைப் பார்த்தாள். "நான் எழுதுனது தப்பா மிஸ்?"

"இல்லம்மா."

"அப்ப மார்க்கு?"

சங்கீதா என்னைப் பார்த்தாள். வீட்டில் நடைமுறை தெரிந்தவன் நான் ஒருவன்தானே.

எனக்கு நடைமுறை தெரியும். எழுத்துத் தேர்வுக்கு மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடு உண்டு. செய்முறைத் தேர்வுக்கு இரண்டும் கிடையாது. ஒரே வழிதான். மார்க் இணையத்தில் ஏற்றி முடிக்கும் நாளுக்குள், தேர்வாளர் ஒப்புக்கொண்டு, தலைமை ஆசிரியர் பரிந்துரைத்து, மேலிடம் அனுமதித்தால் திருத்தலாம். கையில் இருந்தது சில நாட்கள். தேர்வாளர் ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம், மற்றதெல்லாம் தாள் வேலை என்று சொன்னேன். உலகத்தில் நான் சொன்ன பொய்களில், உண்மை என்று நம்பிச் சொன்ன பெரிய பொய் இது.

ஞாயிற்றுக்கிழமை நானும் சங்கீதாவும் ஏலகிரிக்குப் பஸ் ஏறினோம். என் மடியில் துணிப் பை. பையில் இரண்டு பாட்டில் பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்த்துவிட்டு, "மலை மேலயே நல்ல தண்ணி கெடைக்கும் சார், இன்னாத்துக்கு சொமந்துட்டுப் போறீங்க?" என்றார்.

"இது குடிக்க இல்லீங்க. காட்ட" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலை சார் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். விஷயத்தைக் கேட்டார். சமையல்கட்டுக்குப் போய் அவரே ஒரு உருளைக்கிழங்கைத் தோல் சீவி நறுக்கினார். ஒரு டம்ளரில் அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் நாங்கள் கொண்டு போனது. "நானே போடறேன், நீங்க தொடாதீங்க" என்று சிரித்தபடி சொன்னார். சரியான தேர்வாளர்.

டீ வந்தது. காராசேவு வந்தது. மழை, பஸ், டிரான்ஸ்ஃபர், பென்ஷன் என்று எல்லாம் பேசினோம். யாரும் டம்ளரைப் பார்க்கவில்லை. எல்லோரும் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் இரண்டு துண்டையும் எடுத்து நுனியைப் பிடித்துத் தூக்கினார். அவர் வீட்டுத் தண்ணீரில் கிடந்தது பென்சில் மாதிரி நின்றது. எங்கள் ஊர்த் தண்ணீரில் கிடந்தது, மெதுவாக, தலையைக் கவிழ்த்தது.

இரண்டையும் தட்டில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"அந்தப் பொண்ணு எழுதுனது கரெக்ட்டுங்க" என்றார். "நான் கெழங்கத் தொட்டே பாக்கலியே. பேப்பரத்தான பாத்தேன்..."

கேட்காமலேயே ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, மாணவியின் பதிவு சரியானது, மதிப்பெண்ணைத் திருத்தத் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்படி ஒரு காரியத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை. சங்கீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மீதித் தண்ணீரை ஊற்ற இடம் தேடி வாசலுக்குப் போனேன். ரோஜாச் செடி இருந்தது. சாய்க்கப் போனபோது உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஐயா, ஐயா, அத செடிக்கு ஊத்திடாதீங்க. பட்டுப் போய்டும்."

பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு மலை இறங்கினோம்.

தலைமை ஆசிரியை மறுநாளே பரிந்துரை எழுதினார். நானே அதையும் எஸ்தரின் மனுவையும் எடுத்துக்கொண்டு என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். என் பழைய நாற்காலியில் இப்போது இருப்பவர் எழுந்து நின்றார். "சார், நீங்க வரணுமா? ஒரு போன் பண்ணா போதாதா?" என்று டீ சொன்னார். மனுவை முழுசாகப் படித்தார். அதுவே பெரிய மரியாதை.

"நியாயம்தான் சார். ஆனா இத எந்தப் பிரிவுல வைக்கிறது? தேர்வுலயா, தண்ணிலயா?"

"தேர்வுதாங்க."

"தேர்வுதான். ஆனா காரணம் தண்ணியா இருக்கே சார்."

அன்று தொடங்கியது பயணம். தேர்வுப் பிரிவு, மனுவில் 'தண்ணீர்' என்று இருப்பதைப் பார்த்துக் கட்டடப் பிரிவின் கருத்தைக் கேட்டது. கட்டடப் பிரிவு, 'உருளைக்கிழங்கு' என்று இருப்பதைப் பார்த்துச் சத்துணவுப் பிரிவுக்கு அனுப்பியது. சத்துணவுப் பிரிவு, மேற்படி கிழங்கு தங்களால் வழங்கப்பட்டதல்ல என்று பொறுப்பாகக் குறிப்பு எழுதித் திருப்பியது. பிறகு, தண்ணீரின் உப்பு அளவுக்குச் சான்று இல்லை என்று ஒரு கேள்வி வந்தது. சான்று கேட்டுத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு எழுதினோம். தண்ணீரை எடுத்தது யார், யார் முன்னிலையில் எடுத்தது என்று அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது.

விரவல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு. ஃபைலும் அப்படித்தான். பொறுப்பு கொஞ்சமாவது இருக்கும் மேஜையிலிருந்து, அதைவிடக் குறைவாக இருக்கும் மேஜைக்குத் தானாகவே நகர்ந்துபோகும். யாரும் தள்ள வேண்டாம். எல்லா மேஜையிலும் சமமாகப் பரவி முடிந்ததும் நகர்வது நின்றுவிடும்.

நடுவில் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்தேன். போனில் பிடித்தேன். ஒருவர்கூட எஸ்தர் எழுதியது தவறு என்று சொல்லவில்லை. "பாவம் சார் அந்தப் பொண்ணு" என்று ஒவ்வொரு பிரிவிலும் சொன்னார்கள். ஒருவர் தன் வீட்டு கீசர் உப்புப் படிந்து வீணாய்ப்போன கதையை அரை மணி நேரம் சொன்னார். எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சவ்வு வழியாக அனுதாபம் தாராளமாக வருகிறது. மூன்று மார்க் மட்டும் வர மாட்டேன் என்கிறது.

மார்க் ஏற்றி முடிக்கும் நாள் வந்தது. போனது.

தேர்வு முடிவு வந்தது. எஸ்தர் நன்றாகத்தான் வாங்கியிருந்தாள். நர்சிங் பட்டியலும் வந்தது. அவள் பெயர், சீட் கிடைத்தவர்களுக்குக் கீழே நின்றது. அந்த மூன்று மார்க் இருந்திருந்தால் கோட்டுக்கு மேலே போயிருக்கும். சங்கீதா கம்ப்யூட்டரில் பார்த்தாள். திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள். எத்தனை தடவை கூட்டினாலும் கூட்டல் மாறாது என்று அவளுக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாமே என்றேன். நடைமுறை தெரிந்தவன் அல்லவா. சகாயம் சொன்னார்: "வர்ற வருசம் மட்டும் கெழங்கு வெறைக்குமா சார்?"



போன வாரம் எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். ஷூ கம்பெனியில் இல்லை. ஊருக்கு வெளியே கேன் தண்ணீர் தயாரிக்கும் இடத்தில்.

"இன்னா வேல எஸ்தர்?" என்றாள் சங்கீதா.

"தண்ணில எவ்ளோ உப்பு இருக்குன்னு மீட்டர் வச்சுப் பாத்து எழுதறது மிஸ். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ."

சங்கீதா முகம் மலர்ந்தது. பார்த்ததை எழுதுவதற்குச் சம்பளம் கொடுக்கும் இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று எனக்கும் ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. "உனக்குன்னே செஞ்ச வேலடி" என்றாள்.

எஸ்தர் துப்பட்டா நுனியைப் பார்த்தபடி சொன்னாள். "மொத நாளே மீட்டர் ஜாஸ்தியா காட்டுச்சு மிஸ். போய்ச் சொன்னேன். மேனேஜர் சார் சிரிச்சாரு. மீட்டர் இன்னா வேணா காட்டும்மா, சாதாரணமா எழுதறத எழுதுன்னாரு."

"நீ?"

"எழுதிட்டேன் மிஸ்."

அதை அவள் சொன்ன விதத்தில் அழுகை இல்லை, கோபம் இல்லை. பாடம் புரிந்த பிள்ளை பதில் சொல்வது மாதிரி இருந்தது. சங்கீதா எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் சமையல்கட்டில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

சொல்ல மறந்துவிட்டேன். மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. பொருள், பார்வை எல்லாம் முறையாகப் போட்டு, நல்ல தமிழில். மாணவியின் பதிவு அறிவியல்படி சரியானது என ஏற்கப்படுகிறதாம். மாணவர்கள் கண்டதைக் கண்டவாறே பதிவு செய்வது ஊக்குவிக்கப்பட வேண்டுமாம். மதிப்பெண்ணை, பதிவேற்றம் முடியும் நாளுக்குள் திருத்திக்கொள்ள அனுமதி வழங்கப்படுகிறதாம்.

பள்ளிக்கூடத் தபாலில் அது வந்து சேர்ந்த தேதி: எஸ்தர் வேலைக்குச் சேர்ந்து, மீட்டரைப் பார்த்துவிட்டு, சாதாரணமாக எழுதுவதை எழுதிய அதே நாள்.